ஏகமனதான தெரிவு

எங்கட யூனியனுக்கு எதிரா எங்கட கிளையே வழக்குப் போட்டது எண்டு சொன்னால் இப்ப ஆரும் நம்பமாட்டினம். முதலாளிக்கு எதிராத்தானே வழக்குப் போடுறது, யூனியனுக்கு எதிரா என்னத்துக்கு எண்டு கேட்பினம். நானும் அப்ப அதைத்தான் கேட்டனான். எண்பதுகளின்ர கடைசியில துவங்கின அந்த வழக்கு, தொண்ணூறுகள் பிறந்தாப் பிறகுதான் முடிஞ்சது. அதில சாட்சிக் கூண்டில ஏறினவள் நான். அந்தக் கதையை எத்தினையோ பேர் எத்தினையோ விதமாச் சொல்லித் திரிஞ்சவை. ஏறினவள் சொல்லுறதையும் ஒருக்காக் கேட்டால் ஒண்டும் குறைஞ்சு போகாது.

நாங்கள் வேலை செய்தது லண்டனில, தோர்ண்டன் ஹீத்தில இருந்து பஸ்ஸில போற தூரத்தில இருந்த ஒரு சாப்பாட்டு ஃபக்டரி. சான்ட்விச் செய்து, பெட்டியில அடைச்சு, கடையளுக்கு அனுப்பிற இடம். பெல்ட்டில பாண் துண்டு ஓடி ஓடி வரும். ஒருத்தி பட்டர் பூச, அடுத்தவள் முட்டை வைக்க, அதுக்கடுத்தவள் மூட, கடைசியில நிக்கிறவள் வெட்டுவாள். பெல்ட்டில நிண்டது முழுக்கப் பொம்பிளையள். பாதிக்கு மேல எங்கட இலங்கைத் தமிழ் ஆக்கள், மிச்சம் குஜராத்திப் பொம்பிளையளும் கரிபியன் பொம்பிளையளும். ஆம்பிளையள் குளிர் அறையிலயும் லொறி ஏத்திற இடத்திலயும் நிண்டவை. என்ர மனிசன் குளிர் அறை. நான் முட்டை.

அந்த பெல்ட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. டொய்லட்டுக்குப் போக வேணும் எண்டால் கையை உயர்த்த வேணும். சூப்பவைசர் பெண் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் போகலாம். அவ பார்க்காட்டில், ஒரு கையை உயர்த்தினபடி மற்றக் கையால முட்டை வைச்சுக்கொண்டு நிக்க வேண்டியதுதான். சில வேளை பார்ப்பா, ஆனால் வேணுமெண்டே மற்றப் பக்கம் திரும்பிக் கொள்ளுவா. ஆம்பிளையளுக்கு உந்தச் சட்டம் ஒண்டும் இல்லை. அவை நினைச்ச நேரம் போய், ஒரு சிகரெட்டும் பத்தி முடிச்சுத்தான் வருவினம்.

பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரிக் கை உயர்த்திறது எண்டால் வெக்கம்தானே. அதுவும் எங்கட பொம்பிளையளுக்குச் சொல்லவே தேவையில்லை. அதால என்ன செய்தவை எண்டால், காலமை வீட்டில இருந்து வெளிக்கிடேக்க தேத்தண்ணியும் குடிக்கிறேல்லை, தண்ணியும் குடிக்கிறேல்லை. காய்ஞ்ச தொண்டையோட வந்து நிண்டு, காய்ஞ்ச தொண்டையோட வீட்டை போவினம். ஒவ்வொருத்தியா நோய் வருத்தம் பிடிக்கத் துவங்கினது. எனக்குப் பக்கத்தில பட்டர் பூசினவ மன்னார்க்காரி, என்னைவிட வயசு கூடினவ, நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறனான். அவவுக்குச் சலம் போற பாதையில கிருமி எண்டு டொக்டர் சொன்னவர். மருந்து குடிப்பா, சுகம் வரும், திரும்பவும் வரும். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பட்டர் பூசுவா. பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

யூனியனில எங்கட கிளைக்கு அப்ப செயலாளரா இருந்தவர் யாழ்ப்பாணத்து ஆள். மனேஜரோட கதைக்கிற வேலை செயலாளற்ற வேலை. நான் அவரிட்டைப் போய் விசயத்தைச் சொன்னனான். அந்த மனிசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார். "உது பொம்பிளையளின்ர விசயம், தங்கச்சி. ஒரு வெள்ளையன்ர முகத்தைப் பார்த்து நான் உதை எப்பிடிச் சொல்லுறது?" எண்டார். சம்பளத்துக்கு மேசையில அடிச்சுக் கதைப்பார், இதுக்கு வாய் வராது. சரி, உமக்கு வெக்கம் எண்டால் நான் சொல்லுறன் எண்டு மனசுக்குள்ள நினைச்சுக்கொண்டு வந்திட்டன்.

அடுத்த வருசத் தெரிவுக்கு நான் செயலாளர் பதவிக்குப் பேர் குடுத்தனான். முன்மொழிஞ்சு கையெழுத்து வைச்சது முட்டைக்கு அங்கால நிண்டு மூடுற கரிபியன் பொம்பிளை. வழிமொழிஞ்சது ஒரு குஜராத்திப் பொம்பிளை. எங்கட பொம்பிளையளிட்டைக் கேட்டனான்தான். "நாங்கள் மனசால உன்னோடதான், கையெழுத்து மட்டும் கேட்காதை" எண்டவை. மனசை வைச்சு என்ன செய்யிறது, நொமினேசன் பேப்பரில ஒட்டவா ஏலும்.

இப்ப எங்கட ஆக்களின்ர பழக்கம் ஒண்டைச் சொல்ல வேணும், இல்லாட்டில் பிறகு நடந்தது விளங்காது. கோயில் சபையோ, ஊர்ச் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ, எதெண்டாலும் எங்கட ஆக்கள் ஓட்டெடுக்க மாட்டினம். ஓட்டெடுத்தால் தோத்தவர் மற்ற நாள் கோவிச்சுக்கொண்டு போய் இன்னொரு சங்கம் துவங்குவார். அதால கூட்டத்துக்கு முதல் நாள் ஆராவது ஒருத்தற்ற வீட்டில இருந்து கதைச்சு, ஆர் ஆர் எண்டு முடிவெடுத்துப் போடுவினம். கூட்டத்தில ஒருத்தர் முன்மொழிய, ஒருத்தர் வழிமொழிய, ஏகமனதாத் தெரிவு எண்டு கைதட்டிப் போட்டு வடை சாப்பிடுறதுதான். எங்கட கிளையையும் அப்பிடித்தான் நடத்தினவை. அதில ஒரு முறையும் இருந்தது. ஒரு தடவை யாழ்ப்பாணத்துச் சைவ ஆள் செயலாளர் எண்டால், அடுத்த தடவை மன்னார் வேதக்கார, கத்தோலிக்க ஆள். அந்த வருசம் அவையின்ர முறை.

அவையின்ர ஆள் ஆரெண்டால், பட்டர் பூசுற அக்காவின்ர மனிசன். நான் அவரை அண்ணை எண்டு கூப்பிடுறனான். லொறிப் பக்கம் வேலை. பங்குக் கோயிலில எல்லா வேலைக்கும் முன்னுக்கு நிக்கிற, ஒருத்தருக்கும் தீங்கு நினையாத மனிசன். அவரில எனக்கு அப்பவும் கோவம் இல்லை, இப்பவும் இல்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் நோர்பரியில எங்கட வீட்டு முன் அறையில ஆம்பிளையள் கூடினவை. நான் குசினியில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். கதவு திறந்துதான் கிடந்தது. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வரேக்க, என்ர மனிசன் சொல்லிக்கொண்டிருக்கிறார், "அவ விலத்திடுவா, அது பிரச்சினையில்லை." ஆர் விலத்திறது எண்டு நான் யோசிச்சன். எல்லாரும் என்னைப் பார்க்கினம். அப்பதான் விளங்கினது, விலத்திறது நான்தான் எண்டு.

"தங்கச்சி, இந்த முறை எங்கட முறையெல்லோ. ஒற்றுமைக்காகத்தான்" எண்டார் அண்ணை, நல்ல பணிவாத்தான். கையில தட்டம். அதில தேத்தண்ணி. அத்தினை பேருக்கு முன்னால நான் மாட்டன் எண்டு சொன்னால் என்ர மனிசன்ர முகம் என்னாகும். "ஓம் அண்ணை" எண்டன். ஆளுக்காள் கோப்பையை எடுத்தவை. சீனி கூட எண்டு ஒருத்தர் சொன்னவர்.

அடுத்த நாள் கன்டீனில கூட்டம். என்ர பேரை வாசிச்ச உடனே நான் எழும்பி, விலத்திறன் எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டன். அண்ணை ஏகமனதாத் தெரிவு. கைதட்டல். எனக்குக் கையெழுத்து வைச்ச கரிபியன் பொம்பிளை என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன நடந்தது உனக்கு?" எண்டு கேட்டவ. ஒண்டுமில்லை எண்டன். அதுக்குப் பிறகு கனநாள் அவ என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. முட்டை வைச்சு நான் தள்ள, ஒரு சொல்லும் சொல்லாமல் மூடுவா.

அண்ணை நல்ல செயலாளர்தான். ஆனால் கை உயர்த்திற கதையை அவரும் எடுக்கேல்லை. நான் ஒருக்காச் சாடைமாடையாச் சொல்லிப் பார்த்தனான். "ஓம், ஓம், பார்ப்பம்" எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்திட்டார். வீட்டில மனிசி மருந்தும் கையுமா இருக்கிறா, இவர் பார்ப்பமாம்.

பிறகு வந்தது பெரிய பிரச்சினை. யூனியன்ர ஹெட் ஒஃபிஸ், எங்களைக் கேளாமல், சனி ஞாயிறு வேலையைப் பற்றிக் கொம்பனியோட ஒரு ஒப்பந்தம் செய்தது. எங்கட கிளை ஏலாது எண்டு நிண்டது. அந்தக் கோவத்தில ஹெட் ஒஃபிஸ் எங்கட தெரிவைத் தோண்டி எடுத்தது. ஒரு பதவிக்கு ரெண்டு பேர் பேர் குடுத்தால் இரகசிய வாக்கெடுப்பு வைக்க வேணும் எண்டு யூனியன் விதியில இருக்காம். நீங்கள் வைக்கேல்லை, அதால உங்கட தெரிவு செல்லாது, கிளையை மூடுறம், எல்லாரும் போய்த் தூரத்தில இருக்கிற பெரிய கிளையில சேருங்கோ எண்டு அறிவிச்சுப் போட்டினம். அந்தப் பெரிய கிளையில எங்களை ஆருக்குத் தெரியும். அங்கை போனால் எங்கட பெல்ட்டைப் பற்றிக் கதைக்க ஒரு நாதியும் இராது.

எங்கட ஆக்களுக்கு ரோசம் வந்திட்டுது. சட்ட உதவி நிலையத்தில ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண் வழக்கறிஞர் இருந்தவ. அவவைப் பிடிச்சு, கிளையை மூடினது பிழை, தெரிவு சரி எண்டு ஹைகோர்ட்டில வழக்குப் போட்டவை. அவ எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "எல்லாம் ஒரு விசயத்தில தொங்குது. விலத்தின ஆள் தன்ர சொந்த விருப்பத்தில விலத்தினவவா? அவ வந்து அதைச் சொல்ல வேணும்" எண்டா. எல்லாற்ற தலையும் என்ர பக்கம் திரும்பினது. மற்றவை என்னை வடிவாப் பார்த்தது அண்டைக்குத்தான்.

திரும்பவும் எங்கட முன் அறையில கூட்டம். இந்த முறை எனக்குக் கதிரை தந்தவை. தேத்தண்ணி என்ர மனிசன் ஊத்தினவர், சாயம் கூடிச் சரியான கைப்பு. "விருப்பத்தோடதான் விலத்தினனான் எண்டு சொல்லும். அதுக்கு மேல ஒரு சொல்லும் கதைக்காதேயும்" எண்டு என்ர மனிசன் சொன்னவர். ஒருத்தர் கோர்ட்டுக்கு என்ன சீலை உடுக்க வேணும் எண்டுகூடச் சொல்லித் தந்தவர். பொய்யும் இல்லைத்தானே, என்ர வாயாலதானே விலத்தினனான் எண்டு நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

வழக்குக்குப் போன நாள் நல்ல வெயில், ஆனால் குளிர். நோர்பரியில ரயில் ஏறி விக்டோரியா, அங்கை இருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் சுரங்க ரயில். சீலைக்கு மேல கோட்டு. ஸ்ட்ராண்டில இருக்கிற அந்தக் கோர்ட்டுக்குள்ள காலடி வைச்சால் பெரிய தேவாலயத்துக்குள்ள வந்த மாதிரி இருக்கும். அண்ணை உள்ளுக்கு வந்த உடனே தன்னையறியாமல் சிலுவை போட்டவர். எங்கட ஆக்கள் பின்னுக்குக் கிடந்த நீட்டு வாங்கில நிரையா இருந்தவை. அக்காவும் வந்திருந்தவ, ஓரமா, வாசலுக்குக் கிட்ட.

எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைச்சிருந்தவை. மெட்ராஸ் பக்கத்து ஐயா ஒருத்தர், நல்ல மனிசன். "பயப்படாதீங்கம்மா, மெதுவா சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" எண்டார். கீதையைத் தந்து சத்தியம் எடுப்பிச்சவை. அதைக் கையில வைச்சுக்கொண்டு, உண்மையை, முழு உண்மையை எண்டு சொல்லேக்க, முழு எண்ட அந்தச் சொல்லில நான் ஒருக்காத் தடக்கினன்.

எங்கட பக்கத்துக்கு அந்த வழக்கறிஞர் பெண் பிடிச்சுத் தந்த வக்கீல் கேட்டது லேசான கேள்வியள். கூட்டத்தில எழும்பினீங்களா? ஓம். விலத்திறன் எண்டு சொன்னீங்களா? ஓம். ஆராவது உங்களை வெருட்டினவையா? இல்லை. எல்லாம் சரி. பின் வாங்கில எங்கட ஆக்கள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு ஹெட் ஒஃபிஸ் பக்க வக்கீல் எழும்பினார். ஒல்லியா, உயரமா, மரியாதையான ஆள். கத்துவார், மடக்குவார் எண்டு வெருட்டி வைச்சிருந்தவை. அவர் கத்தேல்லை. கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். மெட்ராஸ் ஐயா அதைத் திருப்பிச் சொன்னார். "செயலாளரா வரணும்னு உங்களுக்கு ஆசை இருந்துச்சான்னு கேக்கறார்மா."

அந்த நாள் வரைக்கும் அந்தக் கேள்வியை என்னட்டை ஒருத்தரும் கேட்கேல்லை. என்ர மனிசன் கேட்கேல்லை. அண்ணை கேட்கேல்லை. எங்களுக்காக வழக்கெடுத்த வழக்கறிஞர் பெண்கூட, விருப்பத்தோட விலத்தினீங்களா எண்டு கேட்டாவே ஒழிய, விருப்பத்தோட நிண்டீங்களா எண்டு கேட்கேல்லை. முதன்முதலா அதைக் கேட்டது எங்களைத் தோக்கடிக்க வந்த ஆள். எனக்குக் கோவம் வந்தது. அவரில இல்லை.

திரும்பிப் பின்னுக்குக் கிடந்த வாங்கைப் பார்த்தன். என்ர மனிசன் தன்ர காலில கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை கையைக் கோத்துக்கொண்டிருந்தார். இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும், வழக்கு எங்கட பக்கம், கிளை தப்பும். ஓம் எண்டால் ஆசைப்பட்டவளை அமத்தி வைச்ச தெரிவு எண்டு சொல்லிப்போடுவினம், எல்லாம் கவிண்டு போகும். அவ்வளவும் எனக்கு வடிவா விளங்கினது. விளங்காமல் சொன்னவள் எண்டு சிலபேர் பிறகு கதைச்சவை. நான் விசரி இல்லை. விளங்கித்தான் சொன்னனான்.

மெட்ராஸ் ஐயா என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். நான் அவரைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்தன். இங்கிலிஷில சொன்னன். "ஓம். எனக்குச் சரியான ஆசை இருந்தது."

"ஏன்?" எண்டு வக்கீல் கேட்டார்.

சொன்னன். கை உயர்த்திறதைச் சொன்னன். தண்ணி குடியாமல் வாறதைச் சொன்னன். வருத்தங்களைச் சொன்னன், ஆருக்கு எண்டு பேர் சொல்லாமல். டொய்லட் எண்ட சொல்லை அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னால, தலைமயிர்த் தொப்பி போட்ட நீதிபதிக்கு முன்னால, எத்தினை தரம் சொன்னன் எண்டு தெரியாது. ஒருக்காச் சொன்னாப் பிறகு வெக்கம் போயிட்டுது. என்ர இங்கிலிஷ் பெல்ட்டில படிச்ச இங்கிலிஷ், ஆனால் ஒருத்தரும் சிரிக்கேல்லை.

நீதிபதி வயசு போன மனிசன். முன்னுக்குக் குனிஞ்சு, "கையை உயர்த்திக்கொண்டு வேலையும் செய்யிறதா? எப்பிடி?" எண்டு கேட்டார். நான் செய்து காட்டினன். வலக்கையைத் தலைக்கு மேல உயர்த்திக்கொண்டு, இடக்கையால கூண்டின்ர விளிம்பில ஒவ்வொரு முட்டையா வைச்சன். போதும் எண்டு அவர் உடனே சொல்லேல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நன்றி, கையை இறக்குங்கோ" எண்டார்.

"அப்ப உங்களை விலத்தச் சொன்னது ஆர்?" எண்டு வக்கீல் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் தேத்தண்ணி கொண்டு வரேக்க நான் விலத்தி முடிஞ்சுது" எண்டன்.

வெளியில விறாந்தையில எங்கட ஆக்கள் ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. "வீட்டுக்குள்ள இருந்துகொண்டே குழி பறிச்சுப் போட்டாள்" எண்டு ஒருத்தர் எனக்குக் கேட்கத்தக்கனவாச் சொன்னவர். அக்கா மட்டும் வந்து என்ர கோட்டுக் கொலரை நேராக்கி விட்டுப் போட்டுப் போனவ.

ரயிலில என்ர மனிசன் யன்னல் பக்கமாப் பார்த்துக்கொண்டு வந்தவர். வீட்டை வந்து கோட்டைக் கொழுவிப் போட்டுத்தான் வாய் திறந்தவர். "உமக்கு ஆசை இருந்தது எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?"

"பேப்பர் குடுத்தனீர் எண்டு தெரியும். சும்மா கோவத்தில குடுத்தனீர் எண்டு நினைச்சன்."

"கோவத்திலதான் குடுத்தனான். கோவம் எண்டால் அது ஆசை இல்லையோ?"

அந்த மனிசன் குசினிக்குள்ள போய் அரிசி களைஞ்சு அடுப்பில வைச்சார். மன்னிச்சுக்கொள்ளும் எண்டு சொல்லுற ஆள் இல்லை அவர். சோறு குழைஞ்சு போச்சு, நான் முழுக்கச் சாப்பிட்டன்.

சில கிழமைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. எங்கட தெரிவு செல்லாது எண்டு சொல்லிப்போட்டார் நீதிபதி. ஆனால் அதோட நிப்பாட்டேல்லை. தெரிவு பிழையாப் போனால் திரும்பத் தெரிவு வைக்கிறதுதான் முறை, கிளையை மூட ஹெட் ஒஃபிசுக்கு உரிமை இல்லை எண்டும் சொன்னார். கிளை தப்பினது. இரகசிய வாக்கெடுப்பு வைக்கச் சொல்லி உத்தரவு. ரெண்டு பக்கமும் தாங்கள்தான் வெண்டது எண்டு சொல்லித் திரிஞ்சவை. என்னைக் குழி பறிச்சவள் எண்டவர் வந்து, "நீர் அண்டைக்கு நல்ல கெட்டித்தனமாக் கதைச்சனீர்" எண்டார். என்ன கண்டறியாத மனிசரோ.

அண்ணை ஒருநாள் லொறிப் பக்கம் என்னை மறிச்சார். "தங்கச்சி, நானும் நிக்கிறன், நீரும் நிக்க வேணும். இந்த முறை ஒருத்தரும் உங்கட வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வரமாட்டினம்" எண்டார். நான் நிண்டனான்.

கன்டீனில பெட்டி வைச்சு, வெளியில இருந்து ஆள் வந்து எண்ணினவை. நான் தோத்துப் போனன்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சரியான கவலை. ஆம்பிளையள் போடமாட்டினம் எண்டு தெரியும். பெல்ட்டில நிண்ட பொம்பிளையள் எல்லாரும் போட்டிருந்தால் நான் வெண்டிருப்பன், அவ்வளவுதான் கணக்கு. அண்டு முழுக்க ஒவ்வொருத்தியா வந்து காதுக்குள்ள, "நான் உனக்குத்தான் போட்டனான்" எண்டு சொன்னவை. இரகசிய வாக்கு வேணும் எண்டு கோர்ட் வரைக்கும் போய் வாங்கினது நான். அந்த இரகசியத்துக்குள்ளதான் அவை ஒளிஞ்சவை. என்ர மனிசனும் எனக்குத்தான் போட்டவராம். நம்பத்தான் ஆசை. கரிபியன் பொம்பிளை மட்டும் ஒண்டும் சொல்லாமல், முட்டையை மூட முதல் என்ர தோளில ஒரு தட்டுத் தட்டினவ. அவ எனக்குப் போட்டவ எண்டதில எனக்குச் சந்தேகம் இல்லை.

வெண்ட அண்ணை அடுத்த கிழமை கோட்டுப் போட்டு, கழுத்துக்கு ரையும் கட்டிக்கொண்டு மனேஜற்ற அறைக்குள்ள போனவர். போக முதல் பெல்ட்டடிக்கு வந்து என்னட்டைச் சொன்னவர். "வீட்டில மனிசி மருந்து குடிக்கிறது எனக்குத் தெரியும், தங்கச்சி. எதால எண்டு கோர்ட்டில உம்மட வாயாலதான் கேள்விப்பட்டனான். அவவிட்டைக் கேட்டன், அழுதவ." பக்கத்தில அக்கா குனிஞ்சு பட்டர் பூசிக்கொண்டு நிண்டவ. உள்ளுக்கு எப்பிடிக் கதைச்சாரோ, அந்தச் சொல்லை எப்பிடித்தான் சொன்னாரோ, வெளியில வரேக்க காதெல்லாம் சிவந்திருந்தது. திங்கட்கிழமையில இருந்து கை உயர்த்தத் தேவையில்லை எண்டு அறிவிச்சவை.

திங்கட்கிழமை வந்தது. பெல்ட் ஓடுது. சூப்பவைசர் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறா. நேரம் போகுது, ஒருத்தியும் அசையேல்லை. அவசரமா இருக்கிறவளையும் எனக்குத் தெரியுது, ஒரு காலை மாத்தி மற்றக் காலில நிக்கிறாள். ஆனால் கை உயர்த்தாமல் பெல்ட்டை விட்டுப் போறது எப்பிடி எண்டு ஒருத்திக்கும் தெரியேல்லை. எல்லாரும் என்னைப் பார்க்கினம்.

எனக்கு அந்த நேரம் போக வேண்டிய தேவையே இல்லை. பழக்கத்தில நானும் தண்ணி குடியாமல்தான் வந்தனான். எண்டாலும் கையுறையைக் கழட்டி வைச்சிட்டு வெளிக்கிட்டன். சூப்பவைசரின்ர கண் என்ர முதுகில இருந்தது. என்ர வலக்கை தன்பாட்டில எழும்பப் பார்த்தது. அதைப் பிடிச்சு ஏப்ரன் பொக்கற்றுக்குள்ள திணிச்சுக்கொண்டு நடந்தன்.

உள்ளுக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுச் சும்மா நிண்டன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா வந்தா. அவவுக்குப் பின்னால கரிபியன் பொம்பிளை, குஜராத்திப் பொம்பிளை, பிறகு எங்கட ஆக்கள், ஒருத்திக்குப் பின்னால ஒருத்தியா வாசல் வரைக்கும் வரிசை. எனக்கு ஓட்டுப் போட்டவளும் போடாதவளும் அந்த வரிசையில நிண்டவை.

"வெளியில பெல்ட்டை நிப்பாட்டிப் போட்டினம்" எண்டா அக்கா, வரிசையில கடைசியில நிண்டவள் சொன்னதைக் கேட்டு. "பாண் எல்லாம் கீழ விழுந்து கிடக்குதாம். ஒருத்தரும் இல்லையெல்லோ."

அவ சிரிக்கத் துவங்கினா. நானும் சிரிச்சன், சிரிச்சுக்கொண்டு நிக்கவே அழுகை வந்தது. முகத்தைக் கழுவினன். ஒருத்தரும் அவசரப்படேல்லை. எல்லாரும் வடிவாப் போய், கை கழுவி, துடைச்சுக்கொண்டு வந்து எங்கட எங்கட இடத்தில நிண்டம். அதுக்குப் பிறகுதான் பெல்ட் ஓடினது.